மகளுக்கு ஏழாம் மாதம், எனக்கு ஆறு

முப்பத்தெட்டாவது வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அதுவரை எட்டுப் பேறு. ஐந்து பேர் தங்கினார்கள். பதினேழு வயதிலிருந்து வயிற்றிலோ இடுப்பிலோ ஒரு குழந்தை இல்லாமல் நான் நடந்ததில்லை. பெண் பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே இத்தனையும்.

நான்காம் மாதம், கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் புரண்டது. தெரியாததா அது? சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதே வாரம் பொம்மிடியிலிருந்து மூத்த மகளின் கார்டு வந்தது. முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து முதல் பிள்ளை.

எங்கள் கம்பைநல்லூர்த் தெருவில் தாயும் மகளும் ஒரே வருடத்தில் பெறுவது அதிசயமில்லை. தாய் பெற்று ஓய்வதற்குள் மகள் ஆரம்பித்துவிடுவாள். அதற்கும் ஒரு முறை உண்டு. முதல் பேறு தாய் வீட்டில்தான். ஆனால் இரண்டு கர்ப்பிணிகள் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது, ஒன்று தங்காது என்பார்கள். பேறு நடக்கும் அறைக்குள் இன்னொரு கர்ப்பிணி காலெடுத்து வைக்கவும் கூடாது. அதனால் முன்கூட்டியே சம்பந்தி வீட்டாரிடம் சொல்லி, மகளைச் சித்தி வீட்டில் வைத்துப் பேறு பார்ப்பார்கள். என் தங்கை அதியமான்கோட்டையில் இருந்தாள். கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே பெரிய கவலையாக இருந்தது. புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தேன். கிணற்றடியில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"டீச்சரம்மா, மாமனும் மருமவனும் ஒரே பலவையில குந்திப் படிப்பாங்களாட்டம் இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மகளுக்கு ஏழாம் மாதம் வந்தது. கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பரிமாறி, அவளை அழைத்து வர வேண்டும். மொரப்பூர் வரை வண்டி, அங்கிருந்து ரயில். புளிச்சோறும் எள்ளுச்சோறும் இலையில் வைக்கக் குனிந்தபோது சம்பந்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எத்தன மாசமுங்க, சம்பந்தியம்மா?"

"ஆறுங்க."

"எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

மகள் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"எந்தங்கச்சி வூட்டுல வெச்சுப் பாத்துக்கறேனுங்க," என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா சரின்னிருப்பேன். இப்ப என்னத்த நம்பி அனுப்பறது? நீங்க படிச்சவங்க, எதுக்கும் பயப்பட மாட்டீங்க. நான் பயப்படறவ. மூத்த மருமவளத் தலப்பிரசவத்துல தூக்கிக் குடுத்தவ. இவ இங்கயே இருக்கட்டும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

மகள் வாசல் வரை வந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"பெத்த பொண்ணுகிட்ட இத எப்பிடிடி சொல்லுவேன்?"

"நாஞ் சொன்னனே," என்றாள்.

ஒன்பதாம் மாதம் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். எட்டு மாத வயிற்றோடு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அறைக் கதவு சாத்தியிருந்தது. எதிரே முற்றத்தில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள்.

வலியில் எல்லாப் பெண்களும் அம்மா என்றுதான் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "எங்கம்மா வெளியதான இருக்காங்க, வரச் சொல்லுங்க," என்றாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை.

மருத்துவச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "வாங்கம்மா, வந்து கையப் புடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொண்ணு தவிக்குது."

நான் சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை.

கிரகணத்தில் பாம்பு எதையும் விழுங்குவதில்லை என்று பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி என்மேல் விழுமே என்ற பயம் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான். ஒன்று தங்காது என்றால் அது எதுவாக இருக்கும் என்று அந்த முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். என் கை என் வயிற்றின்மேல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் வெறும் முனகல்தான். பிறகு குழந்தை அழுதது. பெண். மருத்துவச்சி நிலைப்படியில் நின்று தூக்கிக் காட்டினாள்.

அடுத்த மாதம் எனக்கும் பெண்தான் பிறந்தது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. மகள் வரும்போதெல்லாம் தங்கையைத் தூக்கிக் கொஞ்சுகிறாள், அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால்தான் சின்னவள் அழாமல் இருக்கிறாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது அவளுக்கு இரண்டாவது. எனக்கு இந்த முறை நிஜமாகவே நின்றுவிட்டது. இங்கே வந்துவிடு, ஒரு தடையும் இல்லை என்று எழுதினேன். பதில் கார்டில் நாலே வரி: "முதல் பிள்ளைக்குத்தான் தாய் வீடு. இங்கே எல்லாம் பழகிவிட்டது. நீங்கள் வருவதானால் உள்ளே வாருங்கள் அம்மா. வெளியே உட்காருவதற்கு வர வேண்டாம்."

இன்னும் இருபது நாள் இருக்கிறது என்கிறார்கள். இரண்டாவது பேறு நாள் பார்த்து வராது, வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். நாளை மறுநாளே கிளம்பலாம் என்று விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரயில் போய்ச் சேருவதற்குள் பிறந்துவிடக் கூடாது.