அப்பா இருந்த பலகை

நெடுந்தீவு வள்ளத்தில் நான் மூன்றாம் முறை கடலுக்குள் குனிந்து சத்தி எடுத்தபோது வள்ளக்காரர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். காதில் பீடி செருகிய நெட்டை மனிதர். ஏறுகிற எல்லோரையும் "ஆற்றை பிள்ளை?" என்று தகப்பன் பேர் கேட்பவர், என்னைக் கேட்கவில்லை.

"கொப்பரும் கொழும்பாலை வரேக்கை இந்தப் பலகையிலை இருந்துதான் சத்தி எடுக்கிறவர். உரிச்சு வைச்சிருக்கிறீர்!"

என் பரம்பரைச் சொத்து இதுதான்போலும்.

"ஆள் சுகமோ? திருவிழாவுக்கும் காணேல்லை."

அப்பா செத்து இரண்டு மாதம். தீவில் அறிவிப்பதற்கு ஒருவரும் மிச்சமில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஓம், சுகம்" என்றேன்.

"அப்ப சித்திரைக்கு வரச்சொல்லும். பலகை இருக்கு."

திரும்பும்போதும் அவருடைய வள்ளம்தான். அந்தப் பலகையில் இருக்க எனக்குத் துணிவில்லை. நின்றபடியே சத்தி எடுத்தேன்.