எங்கள் வளவுக் கல் வளர்ந்த கதை

கலியாணம் முடித்து நான் வந்து சேர்ந்த வீட்டில், எல்லாரையும் விட மூத்தது பின் வளவில் கிடந்த கல்தான். வவுனியாவில் பஸ் ஏறி வந்து இறங்கி, குளக்கட்டால் கொஞ்சத் தூரம் நடந்தால் எங்கள் வீதி. அந்த வீதியில் எந்த வளவைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கல் மண்ணுக்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருக்கும். எங்களுடையது தலையோடு நிற்கவில்லை. தோளும் வயிறுமாக வெளியே வந்து, ஒரு லொறியைக் கவிழ்த்துப் போட்டதுபோலக் கிடந்தது. மாமி அதன் மேல் மிளகாய் காயப்போடுவார், உடுப்பு விரிப்பார், கோபம் வந்தால் அதன் மறுபக்கத்தில் போய் இருப்பார்.

மாமா இளந்தாரியாக இருந்தபோது குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாழ்ப்பாணப் பக்கமிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். நான் வந்த முதல் வாரமே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்லைக் காட்டினார்.

"நான் இந்தக் காணிக்கு வரேக்க இது என்ர இடுப்பளவுதான். இப்ப பார், நெஞ்சளவு. கல் வளருது பிள்ளை."

நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறவள். புதுமருமகள் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டிய இடம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

"கல் வளராது மாமா. மழை மண்ணைக் கரைச்சுக்கொண்டு போகுது. அதாலதான் கல் கூட வெளியில தெரியுது. உண்மையில வெயிலும் மழையும் பட்டு அது தேய்ஞ்சுகொண்டுதான் இருக்கு."

"அப்ப நெஞ்சளவு எப்பிடி வந்தது?"

"நீங்களும் கொஞ்சம் குறுகியிருப்பியள்."

மாமா அன்று மத்தியானம் கடைசிப் பிடி சோறு வரைக்கும் முதுகை நிமிர்த்தி இருந்தே சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கல் ஒரு தீராத கதையாகிவிட்டது. நான் கல்லின் அடியில் கிடந்த பருமணலை அள்ளிக் காட்டினேன். பகலில் வெயிலில் விரிந்து, இரவில் குளிரில் சுருங்கி, கல்லின் மணிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தவை இவை என்று சொன்னேன். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமி கூட்டிவிட்ட குப்பை" என்றார். ஒரு வெடிப்புக்குள் இத்திக்கன்று ஒன்று வேரை இறக்கிக் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "கல்லில சத்து இல்லாட்டி மரம் முளைக்குமே? சத்து இருந்தா வளரும்தானே?" என்றார். கல்லின் ஒரு பக்கத்தைத் தட்டினால் உள்ளே வெறுமையாய், பானையைத் தட்டினதுபோலச் சத்தம் கேட்கும். மேல்தோல் வெங்காயம் உரிவதுபோல உரியப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றேன். அவர் காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் தட்டினார். "உள்ளுக்க இடம் விட்டிருக்கு. வளரத்தான்" என்றார்.

என் கணவருக்கு வவுனியாவில் ஒரு கடையில் வேலை. அவரை இதற்குள் இழுக்கப் பார்த்தேன். "நான் இந்த வீட்டில பிறந்தனான். அப்பாவோட கல்லைப் பற்றிக் கதைக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கடைசியில் அளந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மாரி மழை தொடங்குவதற்கு முன், மண்ணும் கல்லும் முட்டுகிற இடத்தில் ஒரு கோடு கீறுவது. மழை முடிந்தபின் பார்ப்பது. என் கையில் தூரிகையைத் தர மாமாவுக்கு நம்பிக்கையில்லை. வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய நீல மையைக் கொண்டுவந்து, முழங்காலில் இருந்து, கல்லைச் சுற்றி அவரே கோடு போட்டார். மழை பெய்தது. வளவால் வெள்ளம் ஓடியது. தை மாதம் போய்ப் பார்த்தால் கோடு நிலத்திலிருந்து நாலு விரல் மேலே நின்றது.

"பாத்தியே?" என்றார் மாமா.

"பாத்தனான். நாலு விரல் மண் போயிருக்கு."

"நாலு விரல் கல் வந்திருக்கு."

ஒரே கோட்டை வைத்து இரண்டு பேரும் வென்றோம்.

அறுவடை முடிந்தது. மாமி நெல் அவிக்கத் தொடங்கினார். வழக்கமாகக் கிணற்றடியில்தான் அடுப்பு மூட்டுவார். அந்த முறை காற்று அதிகம் என்று பெரிய கிடாரத்தைக் கல்லின் மறைவுக்கு, நான் பானைச் சத்தம் என்று சொன்ன அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். காலை தொடங்கி விறகு எரிந்தது. பின்னேரம் கடைசி அவியலை இறக்கிப் பாயில் கொட்டிவிட்டு, அடுப்பைத் தணிக்க ஒரு வாளி தண்ணீரை வீசி ஊற்றினார். பாதித் தண்ணீர் அடுப்பில் விழுந்தது. மீதி கல்லில் விழுந்தது. வெறும் வாளியோடு அவர் கிணற்றுக்குத் திரும்பிய நேரத்தில் வெடித்தது.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நான் குசினி நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. கதிரையால் ஆற அமர எழும்புகிற மாமா, நான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது, அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தார். பக்கத்து வீட்டில் ஆட்களோடு ஆடுகளும் சத்தமில்லாமல் இருந்தன. நின்றது மாமி மட்டும். கல்லில் ஒரு கதவளவு பாளம் கழன்று சரிந்து, கிடாரத்தைக் கவிழ்த்துக் கிடந்தது. மாமி நெல்லில் கல் விழுந்ததோ என்று பாயைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கை கால் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எனக்கு அழுகை வந்தது. "ஏன் பிள்ளை அழுறாய்? கிடாரம் நெளியேல்லை" என்றார் அவர்.

வீதியால் போன யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாயமுன் ஒரு சார்ஜன்டும் ஒரு இளம் கான்ஸ்டபிளும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சார்ஜன்டுக்குத் தமிழ் நாலைந்து சொல். எங்களுக்குச் சிங்களம் அதைவிடக் குறைவு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். அவருடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். சிறுவயதில் அங்கே பழகிய சிங்களம் அவரிடம் அப்படியே இருந்தது.

சார்ஜன்ட் வளவைச் சுற்றி வந்தார். வெடித்த கல்லைப் பார்த்தார். கல்லைச் சுற்றிக் கீறிய நீலக் கோட்டைப் பார்த்தார். அரைகுறையாய் அணைந்த நெருப்பு, பெரிய கிடாரம், கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"பொதையல் தோண்டுறீங்களான்னு கேக்குறாரு" என்றார் அக்கா.

மாமா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நான் வகுப்பறைக் குரலை எடுத்தேன். பாறை பூமிக்குள் பெரும் பாரத்தின் கீழ் உருவானது, மேலே வந்து பாரம் நீங்கியதும் அது மெல்ல விரிகிறது, காலங்காலமாக வெயிலும் மழையும் அதன் தோலைத் தளர்த்திவிடுகின்றன, ஏற்கெனவே கழன்றிருந்த தோல் இன்று நெருப்பில் சூடேறித் தண்ணீர் பட்டதும் உரிந்துவிட்டது, இதற்கு வானிலையாலழிதல் என்று பெயர் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, சார்ஜன்டின் பக்கம் திரும்பி மூன்று சொல்லில் முடித்தார்.

"என்னக்கா சொன்னனீங்கள்?"

"கல்லு பழசு, ஒடஞ்சிருச்சின்னேன்."

சார்ஜன்ட் நம்பவில்லை. வெடிமருந்து வைக்காமல் கல் வெடிக்காது என்றார். மாமிக்கு நெல் காயவைக்கிற அவசரம். "விளங்கப்படுத்தி என்ன செய்யிறது? காட்டிவிடுறன்" என்று, உடைந்த கல்லில் ஒரு துண்டை எடுத்து, அடுப்பில் மிச்சமிருந்த தணலை ஊதி அதன் மேல் வைத்தார். இன்னும் விறகு போட்டார். கல் காயும் வரைக்கும் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினார்.

டப்பென்றது. துண்டு இரண்டாகப் பிளந்தது. சார்ஜன்ட் கையிலிருந்த தேத்தண்ணி அவருடைய சட்டையில் ஊற்றுண்டது. கான்ஸ்டபிள் குப்புற விழுந்து நெல்லுக்குள் கிடந்தான். அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. மாமா முதன்முதலாய் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். சார்ஜன்டும் சிரித்தார். அவித்த நெல்லில் ஆள் படுத்ததற்காக மாமி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இந்தக் கோடு என்னாத்துக்குன்னு கேக்குறாரு" என்றார் அக்கா.

மாமா முன்னுக்கு வந்தார். கல் வளர்கிறது என்பதையும், அதை அளக்கத்தான் கோடு என்பதையும், மருமகள் படித்தவள் ஆனால் ஏற்றுக்கொள்ளமாட்டாள் என்பதையும் ஆறுதலாகச் சொன்னார். இதை மட்டும் அக்கா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. தன்னுடைய ஊரிலும் ஒரு கல் இருக்கிறதாம். சிறுவனாக இருந்தபோது ஓடி ஏறுவாராம். இப்போது ஏறமுடியாதாம். அவ்வளவுக்கு வளர்ந்துவிட்டதாம். நான் அவருடைய வயிற்றைப் பார்த்தேன். ஆனால் சீருடை போட்டவரிடம் அதைச் சொல்ல முடியாது.

இரண்டு பேரும் கல்லைச் சுற்றி நடந்தார்கள். அக்கா நடுவில் நடந்தார். நான் பின்னால் போய், "வளர்ற கல் என்னத்துக்குத் தோலைக் கழட்டுது மாமா? அதைக் கேளுங்கோ" என்றேன்.

மாமா நின்று திரும்பினார். "பாம்பு என்னத்துக்குச் சட்டை கழட்டுது? வளர்றதாலதானே."

அக்கா அதையும் சொன்னார். சார்ஜன்ட் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். கான்ஸ்டபிளும் நெல்லைத் தட்டிக்கொண்டே ஆமோதித்தான். எனக்குப் பதில் இருந்தது. கேட்கிற ஆள்தான் இல்லை.

உரிந்த பாளத்தைக் கணவரும் அக்காவின் புருஷனும் கிணற்றடிக்கு உருட்டினார்கள். உடுப்புத் துவைக்க அதைப்போல ஒரு கல் அந்த வீதியில் இல்லை. வேறு வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கும் ஒன்று உடைத்துத் தாங்கோ என்று மாமியைக் கேட்டார்கள். அவர் அடுத்த அறுவடைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

உரிந்த இடம் உள்ளே வெளிறி, பளபளவென்று புதிதாய் இருந்தது. அது கறுக்குமுன் காட்டவேண்டும் என்று என் உயர்தர வகுப்பை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வெயில் செய்வதையும், மழை செய்வதையும், வேர் செய்வதையும் ஒவ்வொன்றாய்க் காட்டினேன். பிள்ளைகள் பணிவாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு மாமி தேத்தண்ணி கொண்டுவந்து, தணல், தண்ணீர், கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். அப்போதுதான் அவர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

தவணைப் பரீட்சையில், உயிரினங்களின் செயலால் பாறை சிதைவதற்கு உதாரணம் தருக என்று கேட்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் மரவேர் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "டீச்சரின் மாமி" என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிழை என்று போட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டேன்.