மேட்டடி அம்மா பின்னிவிட்ட தலை

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பேய், முனி என்று யாராவது கதை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டக்காணியைக் குத்தகைக்கு எடுத்து என் கணவர் வெங்காயம் நட்டிருந்தார். காணிக்காரர் கனடாவில். காணி மூலையில் ஒரு மண்மேடு, அந்தக் காலத்து ஆட்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடமாம். குத்தகை மேட்டுக்கும் சேர்த்துத்தான், ஆனால் அதில் மண்வெட்டி வைக்கக்கூடாது. எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். யார் குத்தகைக்கு எடுத்தாலும் அதைச் சொல்லித்தான் கொடுப்பார்கள்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. விடுமுறையில் நான் மேலதிக வகுப்பு முடித்து வரும்வரை தகப்பனோடு தோட்டத்தில் நிற்பாள். சீப்பைக் கண்டாலே வீடு முழுக்க ஓடுகிற பிள்ளை. ஒருநாள் மத்தியானம் கூட்டிவரப் போனால், தலையைப் படிய வாரி அழகான ஒற்றைப் பின்னல்.

"ஆர் பிள்ளை பின்னிவிட்டது?"

"மேட்டடி அம்மா."

"நோகேல்லையோ?"

"இல்லை. அவ உங்களை மாதிரி இழுக்கமாட்டா."

கணவரைக் கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துப் பொம்பிளையாக்கும். உமக்கு வேலை மிச்சம்தானே" என்று சிரித்தார்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பின்னலை அவிழ்த்து, அவள் கத்தக் கத்த நானே பின்னினேன், கோணலாகத்தான் வந்தது. மறுநாளும் அதே வழுவழுப்பான பின்னல். என்னைக் கண்டு ஓடிவருகிறவள், வர மனமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண்ணைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று ஒருநாள் வகுப்பைப் பாதியில் விட்டுப் போனேன். உச்சி வெயில். கணவர் கிணற்றடியில் நின்றார். மகள் மேட்டுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். பின்னால் யாருமில்லை. ஆனால் தலைமயிர் மூன்றாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னலாகிக்கொண்டிருந்தது. காற்று என்று சொல்லாதீர்கள், காற்றுக்குப் பின்னத் தெரியாது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, என் மடியில் ஒருநாளும் இராத அமைதியோடு இருந்தாள்.

"விடடி என்ரை பிள்ளையை!"

பின்னல் பாதியில் நின்றது. மகள் கண்ணைத் திறந்து, "அவ பயந்திட்டா, பாவம்" என்றாள்.

ஓடிவந்த கணவரிடம் கண்டதைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"பாத்தி போடேக்கை மேட்டோரத்தைக் கொஞ்சம் வெட்டினனான். சின்னத் தாழி ஒண்டு உடைஞ்சது. உள்ளுக்குப் பிஞ்சு எலும்பு. வேலியோரம் கொட்டிப்போட்டன்."

"காணியை விடுவம்."

"வெங்காயம் முத்துற நேரத்திலையோ? விசரே உமக்கு?"

"வெங்காயம் வேணுமோ, பிள்ளை வேணுமோ?"

எலும்பை எடுத்துத் திரும்ப மேட்டில் புதைக்கலாமென்று வேலியோரம் முழுக்கக் கிளறினோம், கிடைக்கவில்லை. வெங்காயத்தைப் பிடுங்காமலே காணியை ஒப்படைத்தோம். அந்த வருசம் பட்டபாடு வேறு கதை.

மகளுக்கு இப்போது பத்து வயது. அந்த மேட்டைப் பற்றிக் கேட்டால், மேடா, எந்த மேடு என்று கேட்கிறாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தவள் "அம்மா, அம்மா" என்று முனகினாள். நெற்றியில் கையை வைத்து, "இஞ்சை பக்கத்திலைதான் இருக்கிறன், பிள்ளை" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னை வடிவாக உற்றுப் பார்த்தாள். பிறகு என் கையை மெதுவாக எடுத்து விலக்கிவைத்தாள்.

"நான் உங்களைக் கூப்பிடேல்லை, அம்மா."