பொதுக்கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் பழக்கத்தை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். அவருடைய தங்கையை நான் கட்டியது அதற்குப் பிறகுதான். இப்போது இரண்டு வீடும் மோர்னிங்சைட் பக்கம். எனக்கு மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அவருக்கு ஒரு பேக்கரியில்.

ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் ஐந்து குடும்பங்களாகச் சேர்ந்து போவோம். நகரத்திலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில், ஏரியோடு ஒட்டிய ஓர் அரசாங்கக் காடு. 'முகாம்' என்ற சொல்லை எங்களில் யாரும் பாவிப்பதில்லை. ஊரில், போர்க்காலத்தில், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. 'காட்டுக்குப் போறம்' என்றுதான் சொல்வோம். இடியப்பம், சம்பல் எல்லாம் ஐஸ் பெட்டியில் வரும். ஆட்டிறைச்சியை மட்டும் மச்சான் அங்கே வைத்துத்தான் விறகில் சமைப்பார். மழை வந்தால் ஒருவர் தார்ப்பாயைப் பிடிப்பார், அவர் அகப்பையை விடமாட்டார்.

அந்தக் காட்டில் தங்கும் இடங்கள் குறைவு. ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்கு, ஆளுக்கொரு தொலைபேசியோடு உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் எங்களுக்கு நாலு இடம்தான் கிடைத்தது. சமாளிப்போம் என்று ஐந்து குடும்பமும் போனோம். மச்சான் குடும்பம் எங்கள் இடத்தில் கூடாரத்தை அடித்தது. அவர்கள் ஐந்து, நாங்கள் நாலு.

பின்னேரம் காட்டு அதிகாரி ஒரு பெண் வந்தாள். இளம் பிள்ளை. விரலை நீட்டாமல் கண்ணாலேயே எங்களை எண்ணினாள். ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கக்கூடாது, மன்னிக்க வேண்டும் என்றாள். மற்ற இடங்களிலும் ஆள் நிறைந்திருந்தது. நான் வாதாடத் தொடங்கினேன். மச்சான் என் தோளில் கை வைத்தார்.

"விடு மச்சான், அந்தப் பிள்ளை தன்ர வேலையைச் செய்யுது. நாங்கள் வெளிக்கிடுறம்."

கூடாரத்தைக் கழற்றிச் சுருட்டினார். பிள்ளைகள் மூன்றும் முகத்தைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறின. கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கார்க் கதவைச் சாத்துமுன் தங்கையைக் கூப்பிட்டு, "உப்புப் பாத்துப்போட்டு இறக்கு" என்றார். அவ்வளவுதான். அந்தக் கறியை அன்று ஒருவரும் ருசித்துச் சாப்பிடவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் அவருடைய மகள் ஓர் அறிவித்தலைத் தொலைபேசியில் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்தக் காட்டில் இரவு தங்கும் இடங்களை விரிவாக்கப் போகிறார்கள், பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், பக்கத்துச் சிற்றூர் மண்டபத்தில் கூட்டம். மறுநாளே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு கேக் பெட்டி மூடி. அதன் உட்பக்கத்தில் பேனையால் வரைந்திருந்தார். நடுவில் நெருப்பு மூட்டும் வட்டம், சுற்றிவர எட்டுக் கூடாரம், கூரை போட்ட ஒரு மேசை, கிட்டவே தண்ணீர்க் குழாய்.

"சும்மா சின்னச் சின்ன இடமாக் கூட்டி என்ன பிரியோசனம்? எங்களை மாதிரி ஆக்கள் சேந்து தங்க ஒரு பெரிய இடம் கேப்பம். ஒண்டு போதும்."

"நல்ல யோசினை" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்கு உந்த இங்கிலீஷ் சபையில வராது. நீ கதை. நான் பக்கத்தில நிக்கிறன்."

"நான் கதைக்கிறன் மச்சான். நீங்கள் யோசிக்காதேங்கோ."

ஒரு பக்கத்தில் எழுதினேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

கூட்டம் ஒரு சனிக்கிழமை முற்பகல். மச்சான் கலியாணவீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபச் சுவரெல்லாம் வரைபடங்கள். வாசலில் பேச விரும்புபவர்கள் பெயர் எழுத ஒரு தாள். என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தால், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் என் அலுவலகத்தின் மேலாளரான பெண்மணி நிற்கிறார். என் பதவி உயர்வுக்கான கோப்பு அந்த மாதம் அவருடைய மேசையில்தான் கிடந்தது. அவருக்கு அந்த ஏரிக்கரையில் ஒரு வீடு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சிரித்துக்கொண்டே வந்தார். நீங்களும் இந்தப் பக்கமா என்று கேட்டார். மச்சான் எனக்கு இரண்டடி பின்னால்தான் நின்றார்.

"உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்" என்றேன்.

சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மச்சானை அவருக்கு அறிமுகப்படுத்தவும் இல்லை.

கூட்டம் தொடங்கியது. ஆளுக்கு இரண்டு நிமிடம். ஏரிக்கரை வீட்டுக்காரர் பலர் பேசினார்கள். மேலாளரும் பேசினார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. இடங்களைக் கூட்டுவதை எதிர்க்கவில்லை, ஆனால் பெரிய கூட்டமாக வருபவர்களால் சத்தம் கூடுகிறது, நாள் முழுக்கச் சமையல், அந்த வாசனைக்குக் கரடி வருகிறது என்றார். கை தட்டினார்கள். நான் மடியில் இருந்த தாளை இரண்டாக மடித்தேன்.

சற்று நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சான் கேக் பெட்டி மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பத் தயாரானார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்று கையசைத்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. எனக்கு ஏதும் சுகமில்லையோ என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அவரே எழும்பி ஒலிவாங்கிக்குப் போனார்.

அவர் பேசிய ஆங்கிலம் பேக்கரியில் மாவு மூட்டைக்கு நடுவே பழகிய ஆங்கிலம். நாங்கள் எல்லாக் குடும்பமும் வருகிறோம், தனியே படுக்க மாட்டோம், தயவுசெய்து ஒரு பெரிய இடம், நாங்கள் துப்புரவாக்கிவிட்டுத்தான் போவோம். இவ்வளவையும் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடமும் போதவில்லை. பெட்டி மூடியை உயர்த்திக் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், அப்படியானால் எத்தனை வாகனம் வரும், எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். மச்சானுக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் இருந்த பக்கம் பார்த்தார்.

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

"யெஸ், யெஸ், தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அவர் வந்து உட்கார்ந்தார். யாரோ இலேசாகச் சிரித்தது கேட்டது. மோசமான சிரிப்பு என்று சொல்ல முடியாது. எனக்குத்தான் முகம் சுட்டது.

திரும்பும் வழியில் நான் வானொலியைப் போட்டேன். வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தச் சொன்னார். குடித்து முடிக்கும்போது கேட்டார்.

"உன்ர ஒபீஸ் மனிசியோ அவ?"

"ஓம்."

"ம்" என்றார். பிறகு வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வாசலிலேயே மறித்தாள். "என்ன அண்ணை, கூட்டம் எப்பிடி? இவர் கதைச்சவரோ?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார். "கதைச்சவர், கதைச்சவர். நல்ல வடிவாக் கதைச்சவர்."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்று மண்டபத்தில் செய்ததைவிட வாசலில் பேசாமல் நின்றதுதான் எனக்கு இன்றும் பெரிதாக உறுத்துகிறது.

இரண்டு கிழமை கழித்து, அலுவலகத்தில் மின்தூக்கிக்குக் காத்துநின்றபோது மேலாளர் பேச்சுக் கொடுத்தார். அன்று உங்களோடு வந்தவர் ஒரு வரைபடம் காட்டினாரே, அவர் சொன்னது எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை, நீங்கள் எழும்பி விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். குத்திக் காட்டவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். பதவி உயர்வும் அந்த மாதமே கிடைத்தது. எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

காட்டை விரிவாக்கினார்கள். கார் இழுத்துவரும் வீட்டுவண்டிகள் நிற்கப் புது இடங்கள், மின்சாரம், புதுக் குளியலறைகள். இடத்துக்கு ஆறு பேர் என்ற விதி அப்படியே இருந்தது. கூட்டாகத் தங்கும் இடம் ஒன்றும் வரவில்லை. 'பிற்காலத்தில் ஆராயப்படும்' என்று அறிக்கையில் ஒரு வரி. நான் பேசியிருந்தால் மட்டும் வந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பேசியிருந்தால் குறைந்தது அது எனக்குத் தெரிந்திருக்கும்.

புது இடங்கள் திறந்த முதல் கோடையில் பதிவு செய்வது சுலபமாக இருந்தது. ஐந்து இடம் கிடைத்தது, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். மச்சான் வரவில்லை. முதுகு ஏலாது என்றார். அடுத்த கோடையில் வேலை என்றார். அவர் வராதபோது மற்றவர்களும் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். போன வருடம் நாங்களும் இன்னொரு குடும்பமும்தான்.

அங்கே வைத்துத்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் மற்றக் குடும்பத்துக்கு, அந்தக் கூட்டத்தில் நான் எழும்பிப் பேசிய கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏரிப்பக்கம் நடக்கப் போனதும், "நான் அண்டைக்குக் கதைக்கேல்லை. அண்ணைதான் கதைச்சவர்" என்றேன். முழுவதையும் சொன்னேன். அவள் நெருப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குச் சொல்லி என்ன? அண்ணையிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

காட்டிலிருந்து திரும்பியதும் போனேன். மச்சான் வேலை முடிந்து வந்து, கைகழுவிக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு எங்களுக்குள் வழக்கமான சொற்கள் இல்லை. "அண்டைக்கு நான் செய்தது பிழை மச்சான்" என்று மட்டும் சொன்னேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"அதை விடு. நீயும் வேலைக்குப் போற ஆள்தானே. எனக்கு விளங்கும்."

"அடுத்த முறை காட்டுக்கு வாங்கோவன். இடம் எடுத்துத் தாறன்."

துவாயால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீங்கள் போங்கோ மச்சான். பிள்ளையளும் வளந்திட்டுதுகள். கூடாரம் எல்லாம் வேலையிடத்துப் பெடியன் ஒருத்தனுக்குக் குடுத்திட்டன்."

பிறகு தேத்தண்ணி போடவா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.