ஒன்பது பிள்ளைக்கும் மாமாதான் அப்பா

என் தாய்மாமாவுக்குக் குழந்தையே கிடையாது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரே சமயத்தில் ஒன்பது பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் மாமாவின் பீடிக் கொட்டகை. மாமாவும் அத்தையும் சுருட்டுவார்கள்; முனை மடக்கி நூல் கட்டுவது என்னையும் சேர்த்து எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர். பதினாலு வயசுக்குக் கீழே யாரும் பீடி வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். சொந்தக் குடும்பம் மட்டும் செய்தால் சட்டம் தொடாது. இந்த ஓட்டையை மாமா மோப்பம் பிடித்துவிட்டார்.

"யாரு கேட்டாலும் நான்தான் அப்பா, இவதான் அம்மா. உளறுனீங்க, என்னைக் கொண்டுபோயி ஜெயில்ல வச்சிருவான்!"

மாமா உள்ளே போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அது எட்டு வயசிலேயே எனக்கு அத்துப்படி.

லேபர் இன்ஸ்பெக்டர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இத்தனையும் உங்க பிள்ளைங்களாங்க?"

"ஆமாங்க சார். பெருமாள் குடுத்தது."

"எட்டு வயசுல மட்டும் அஞ்சு தேறும் போலிருக்கே?"

"மொத்தமா குடுத்துட்டாருங்க."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கடைசிப் பையனிடம் குனிந்தார்.

"உம் பேரென்னப்பா?"

"காதர் மொய்தீன்."

மாமாவின் நெற்றி நாமம் வியர்வையில் ஒழுகத் தொடங்கியது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

"நாகூருக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவன் சார் எங்க தம்பி!"

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். பிறகு நோட்டை நீட்டினார். "ரொம்ப சந்தோஷம். ஒன்பதும் உங்க பிள்ளைங்கன்னு கையெழுத்துப் போடுங்க." மாமா ஜம்மென்று போட்டார்.

"சரி, வாங்க. அடுத்த தெருவுலதான் ஸ்கூலு. இப்பவே எல்லாரையும் சேர்த்துட்டு வந்துருவோம்."

"சார்... அதுங்க அப்பாவக் கேக்காம எப்படி..."

"அதுங்க அப்பா யாருங்க?"

மாமா தான் கையெழுத்துப் போட்ட நோட்டைப் பார்த்தார். "நாந்தாங்க."

அன்று ஸ்கூல் ரிஜிஸ்டரில் தகப்பனார் என்ற இடத்தில் மாமா ஒன்பது முறை கையெழுத்திட்டார். மறுவாரம் கொட்டகையில் நாங்கள் உட்கார்ந்த இடத்தில் எங்கள் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு ஸ்கூலில் மத்தியானச் சோறு. காதர் இப்போது பாலிடெக்னிக்கில்; நான் பி.ஏ. கடைசி வருஷம்.

காலேஜில் தொழிலாளர் சட்டம் படிக்கிறேன். பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றி உலக நாடுகள் கூடிப் போட்ட பழைய ஒப்பந்தத்தோடு நம் சட்டத்தை ஒத்துப் பார்த்தால் பல இடத்தில் இடிக்கிறது. குடும்ப ஓட்டை மட்டும் இரண்டிலும் அச்சு அசலாகப் பொருந்துகிறது! அதை அடைக்க அந்த இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கிடையாது. மனுஷன் அதற்குள்ளேயே நுழைந்து எங்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? ஸ்கூலுக்குப் போன ஊர்வலத்தில் நான்தான் முதல் ஆள். சர்க்கார் அதிகாரியையே ஏமாற்றி மாமாவைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில், கையை வீசி வீசி நடந்தேன். பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் எதற்குத் தனியாகச் சிரித்துக்கொண்டே வருகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாவம், ஏமாந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.