ஆடி அமாவாசையில் புதுவைப் போர் நினைவிடம்

புதுவைக் கடற்கரையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நாள் தெரியாமல் போனவர்கள்.

1963, ஆடி அமாவாசை. கோலியனூரில் இருந்த என் அத்தையோடு விழுப்புரத்தில் காலை ரயில் ஏறினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. வளவனூரில் நின்று, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் புதுவையில் இறக்கிவிட்டது.

அத்தையின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். முதல் உலகப்போரில் கப்பலேறியவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அத்தை தாலியைக் கழற்றவில்லை. அவர் பெயர் நினைவிடத்தில் பொறித்திருப்பதாக யாரோ சொன்னதும்தான் மனம் இறங்கி வந்தார்.

"நீ பேரப் படிச்சிக் காட்டு கண்ணு. தாலியக் கடல்ல போட்டுட்டு, எள்ளும் தண்ணியும் எறச்சிட்டு வந்துடலாம்" என்றார். முந்தானையில் எள் முடிந்திருந்தது.

வெள்ளைத் தூண்கள், நடுவே தலை குனிந்த சிப்பாய் சிலை. பெயர்ப் பலகைகள் பின்சுவரில். கம்பிக் கதவிலோ பூட்டு! வெளியிலிருந்து பார்த்தால் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன.

காவல்காரர் நல்ல மனிதர்தான். "போன ஞாயித்துக்கெழம பிரெஞ்சுக்காரங்களோட தேசியப் பண்டிகைம்மா. அன்னிக்கி தொறந்து, மாலை போட்டு மூடிட்டாங்க. சாவி எங்கிட்ட இல்ல. அடுத்த வருசம் ஜூலை பதினாலு வாங்க."

"அமாவாசையில தொறக்காம வேற என்னிக்கிப்பா செத்தவங்களுக்குத் தொறப்பாங்க?" என்று அத்தை திகைத்தார். எனக்கும் அதே கணக்குதான். வேறு நாள் இருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கடலில் கால்கூட நனைக்காமல் ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். அங்கே அத்தை ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வருசம் வெச்சிக்கலாம்ல?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மார்கழியிலேயே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தார். கொடுத்துவைத்தவள் என்றது ஊர். எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நீங்கள் போவதானால் திறக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுவை அருங்காட்சியகமும் பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று அதற்கு விடுமுறை. வெயிலுக்கு முன் கடற்கரையை முடித்துவிடுங்கள்.

மறுவருடம் ஜூலை பதினாலு, நான் தனியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. மாமாவின் பெயர் இருந்தது. விரலால் தடவி, வாய்விட்டுப் படித்தேன். கேட்கத்தான் அத்தை இல்லை.