கண்ணாடித் தொட்டிக்குள் கேட்ட வெடிச் சத்தம்

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். எங்கள் ஊர் சம்மாந்துறை, சுற்றிலும் வயல். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மருதமுனையிலிருந்து வந்த என் கணவர் விஞ்ஞான ஆசிரியர். உடுப்புப் பெட்டியோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்து எங்கள் ஹோலில் வைத்தார். அதற்குள் கடல் தண்ணீர், நான்கு சின்ன மீன்கள், மீன்பிடிக்கும் அவருடைய மாமாவின் வலையில் சிக்கிய ஒரு பவளக் கல்.

மீன்களைவிட அந்தக் கல்தான் அவருக்குப் பெரிது. அதன் பொந்துகளில் ஒளிந்து வந்த உயிர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அவர் ஒரு கொப்பியில் படம் வரைந்து குறித்துக்கொள்வார். பகலில் வீட்டில் இருப்பவள் நான் என்பதால், பலவற்றை முதலில் கண்டதும் நான்தான். ஒருநாள் கல்லில் சிவப்பாக ஒரு பூ விரிந்திருந்தது.

"நிழலுக்குப் பயப்படுற பூவும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கையை மேலே ஆட்டினார். பொசுக்கென்று அது உள்ளே போய்விட்டது. அது புழு. அதற்குப் பிறகு சோறு வடிக்கப் போனாலும் என் மனம் தொட்டியில்தான் இருக்கும்.

வாப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அதே ஹோலில் சுவரோரமாக விதைநெல் மூட்டைகள் கிடந்தன. மருமகனிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். என்னிடம்தான், "உப்புத் தண்ணி பட்டா வெதநெல்லு முளைக்காது மகள்" என்பார்.

ஒருநாள் காலை, கணவர் பள்ளிக்கூடம் போன பிறகு, தொட்டியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி வெடிப்பது போலவே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் 'டக்', 'டக்'.

"வாப்பா, கெதியா வாங்க! தொட்டி வெடிக்குது!"

"எண்ட ரப்பே! தண்ணிய அள்ளு புள்ள!"

வாப்பா மூட்டைகளை இழுத்தார். நான் வாளி வாளியாக அள்ளி முற்றத்தில் ஊற்றினேன். மிஞ்சிய கொஞ்சத் தண்ணீரில் மீன்களை ஒரு வாளியிலும் கல்லை ஒரு பேசினிலும் போட்டேன். கல் முழுக்க நனையவில்லை. நெல் தப்பியது என்ற நிம்மதியில் அதை நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். வாளியில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீருக்கு வெளியே காய்ந்த பக்கத்தில் அந்தச் சிவப்புப் புழு தொங்கிக் கிடந்தது. அவர் வெறும் தொட்டியின் நான்கு பக்கமும் விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் பேசினுக்குள்ளிருந்து 'டக்' என்றது.

மூன்று பேரும் குனிந்தோம். கல்லின் பொந்து வாசலில் விரல் நீளத்துக்கு ஓர் இறால். ஒரு கை சின்னது. மற்றது உடம்புக்கே பொருந்தாத பெரிய கொடுக்கு. அதைப் படாரென்று மூடும்போது எழுந்ததுதான் அந்தச் சத்தம். "இந்தச் சின்னச் சாமானா நம்மள இந்தப் பாடு படுத்தின?" என்று வாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் அழுதேன். கணவர் என்னைக் குறை சொல்லவில்லை. "சத்தத்தக் கேட்டா நானும் பயந்திருப்பன்" என்றார். பிறகு கொப்பியை என்னிடம் நீட்டி, "இத நீ எழுது" என்றார். வெடி இறால் என்று நாங்களே வைத்த பெயரை நான் எழுதினேன். அன்று பின்னேரமே கடல் தண்ணீர் எடுக்க சைக்கிளில் கிளம்பினார். தண்ணீர்க் கானைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தவர் வாப்பா.

எனக்கு விளங்காத ஒன்று வீட்டுக்குள் வந்தால், அது மனிதராக இருந்தாலும் சரி, வெளியே தள்ளத்தான் இன்றும் முதலில் கை போகிறது. ஆனால் செத்துக் கிடந்த அந்தச் சிவப்புப் புழுவை நினைத்து, தள்ளாமல், வந்தது என்னவென்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.